உறையூரைப் பிடித்தவன்

"நவ்ஷாத்கிட்ட மட்டும் சொல்லாதம்மா" என்றான் சித்தார்த்தன், பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே.

ஆனந்தவள்ளிக்குப் புரியவில்லை. "ஏன்ப்பா? அந்தத் தம்பி தில்லை நகர்ல நான் போற கண் ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலதானே இருக்கு? மாசா மாசம் என்னைக் கூட்டிட்டுப் போக அதை விட்டா வேற யாரு?"

"முதுகுல குத்துறவன்மா அவன். நம்பக் கூடாது."

நவ்ஷாத் அப்படி என்னதான் செய்துவிட்டான்? உறையூரைப் பிடித்துவிட்டான்.

நிஜ உறையூர் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற உறையூர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்று நண்பர்களும் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி ராஜ்யம் ஆள்வார்கள். சித்தார்த்தன் சோழன், நவ்ஷாத் பாண்டியன், தமிழ்மணி ஹொய்சளன். படை திரட்டுவது, வரி போடுவது, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எல்லாம் உண்டு. ஒரே ஆட்டம் பதினோரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

சோழன் கப்பல் ஏறிக் கடாரத்துக்குப் போன நேரம் பார்த்து, பாண்டியன் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உறையூருக்குள் புகுந்துவிட்டான். புகுந்ததோடு விட்டானா? "விளையாட்டுதானே மாப்ள" என்று ஹெட்போனில் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் சித்தார்த்தனால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவன் போனை எடுப்பதில்லை. முப்பத்தொரு வயது இன்ஜினியர். வெளியே சொன்னால் வெட்கம்.

தமிழ்மணி அப்படி இல்லை. அதிகம் பேசமாட்டான், மைக் ரிப்பேர் என்பான். ஆனால் ஒருமுறைகூட எல்லை தாண்டியதில்லை. உறையூர் விழுந்த அன்று, கூப்பிடாமலே அவன் குதிரைப்படை வந்து சோழன் பக்கம் நின்றது.

"ஆட்டத்துலதாம்மா ஆளோட குணம் தெரியும்" என்றான் சித்தார்த்தன். "தமிழ்மணிகிட்ட சொல்லிட்டேன். மாசத்து முதல் சனிக்கிழமை ஆனா, எடமலைப்பட்டி புதூர்லேர்ந்து வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவான். அவன் சொன்னா சொன்னதுதான்."

விஷயம் சின்னதில்லை. அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். மாதம் ஒருமுறை அளந்து பார்த்து மருந்தை மாற்றாவிட்டால் பார்வை போய்விடும், போனால் திரும்பாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். அப்பா உயிரோடு இல்லை. கம்பெனியோ நாலு மாத டிரெய்னிங் என்று அவனைப் புனேவுக்குத் துரத்துகிறது. மங்கின கண்ணோடு அவள் திருவெறும்பூரிலிருந்து தனியாக எப்படி பஸ் ஏறுவாள்?

புனேவுக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. அம்மாவைக் கூட்டிப்போனாயா என்று தமிழ்மணியைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடுமே. நன்றி சொல்கிற மாதிரி ஹொய்சளனுக்கு நூறு யானை அனுப்பிவைத்தான். ஹொய்சளன் மறுநிமிடமே வாங்கிக்கொண்டான்.

அம்மாவிடம் மட்டும் போனில் கேட்பான். "எல்லாம் சரியா நடக்குதாம்மா?"

"நடக்குதுப்பா. நீ வேலையைப் பாரு."

அவனுக்கு அது போதுமாக இருந்தது.

நாலு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்கு அம்மா காபி ஆற்றினாள். பாதி டம்ளரில் விழுந்தது, பாதி தரையில்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் கோபப்பட்டார். "இடது கண் போயிடுச்சு. நாலு மாசமா ஒரு தடவைகூட ஏன் வரலை?"

சித்தார்த்தன் அம்மாவைப் பார்த்தான்.

"நாலு சனிக்கிழமையும் புடவை மாத்திட்டு உட்கார்ந்திருந்தேன்ப்பா. அந்தப் பிள்ளை வரலை. சொன்னா நீ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துடுவே. நவ்ஷாத்தையாவது கூப்பிடலாம்னா, நீதான் வேண்டாம்னுட்டே."

கீழே மருந்துக்கடையில் நவ்ஷாத்தான் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "இங்கேயேதானேடா இருக்கேன். ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றான். சித்தார்த்தன் அம்மாவின் கையைப் பிடித்துப் படி இறக்கினான்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் மூன்று மணிக்குத் தமிழ்மணி வீட்டு வாசலில் போய் நின்றான். அவன் மனைவி அனுசுயா கதவைத் திறந்தாள். "தூங்குறாருங்க. உட்காருங்க, எழுப்பறேன்."

தமிழ்மணி கைலியை இறுக்கிக்கொண்டே வந்தான். நடந்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "சுத்தமா மறந்துட்டேன்டா. வேலை மேல வேலை."

"மறந்துட்டியா?" என்றான் சித்தார்த்தன். "ஒரு வருஷத்துக்கு மேல ஆடுறோம். ஒரு ஒப்பந்தத்தைக்கூட நீ மீறினதில்ல. உறையூர் போனப்ப நான் கேட்காமலே படை அனுப்பினே. அதை நம்பித்தானேடா எங்கம்மாவை உன்கிட்ட விட்டுட்டுப் போனேன்."

தமிழ்மணி விழித்தான். "எந்தப் படை?"

"உன் குதிரைப்படைடா."

"அட, அந்தக் கேமைச் சொல்றியா? அதை நான் எங்கடா ஆடினேன்? நீங்க விடமாட்டேங்கறீங்களேன்னு ஆன் பண்ணி, கம்ப்யூட்டரையே ஆடிக்கச் சொல்லிட்டுப் படுத்துடுவேன். முதல் வாரத்துலேர்ந்து உன்கூட ஆடுறது அதுதான்."