ஒரு பாடம் விடாமல்

"மேடம், மொதல்ல இந்தத் தேன் பாட்டில பையில வெச்சிக்குங்க. சுத்தமான மலைத் தேனுங்க. சோதனையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

சக்கரவர்த்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எதிரே நின்ற கலைவாணி பாட்டிலைத் தொடவில்லை. பிகு பண்ணிக்கொள்கிறாள், போகும்போது எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டார். எத்தனை பேரைப் பார்த்தவர் அவர்!

புதூர்நாட்டில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் குடோன் அவருடையது. அங்கே புளி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சென்னைக் கம்பெனி, இந்த வருஷம் புதிதாக ஒரு வம்பைக் கிளப்பியிருந்தது. வேலை செய்கிற அத்தனை பேரும் செல்போனில் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். ஒரு ஆள் பாக்கி என்றாலும் ஆர்டர் கிடையாதாம். அதைச் சரிபார்க்க வியாழக்கிழமை ஒரு மேடம் வருவார் என்று தகவல் வந்திருந்தது.

"வியாழக்கெழமன்னு சொன்னாங்க. இன்னிக்கே வந்துட்டீங்களே?"

"சொல்லிட்டு வர்ற பழக்கம் எங்களுக்கு இல்லைங்க."

பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு! சக்கரவர்த்தி மனசுக்குள் நொடித்துக்கொண்டார். சான்றிதழ்களைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார். கலர் பிரிண்ட் எடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

அந்தப் பயிற்சியை விற்க வந்த அன்பரசனை நினைத்தால் அவருக்கு இன்னமும் சிரிப்பு வந்தது. மலையேறி வந்தும் டையைக் கழற்றாத ஆள்.

"சார், இன்னொரு பேக்கேஜ் இருக்கு. கொஞ்சம் மேல போட்டுக் குடுத்தீங்கன்னா யாரும் எதையும் பாக்கவே வேணாம். எல்லாரும் முடிச்சிட்டதா நாங்களே ஏத்தி வுட்டுடுவோம்."

"எங்கிட்டயே ஆட்டயப் போடறியா? இவளுங்க மத்தியானம் சும்மாதான குந்திக்கினு துன்றாளுங்க? அந்த நேரத்துல பாக்கட்டும்யா!"

பார்த்தார்கள். குடோனுக்குப் பின்னால் பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். ஒரு கையில் களி, ஒரு கையில் போன் என்று வெயிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு பாடம் விட்டாலும் அரை நாள் கூலி பிடிப்பேன் என்று மிரட்டியிருந்தார் மகாராஜா. அவர் மட்டும் ஒரு தடவைகூட அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. 'பொம்மை வந்து கத்துது, அத்தப் போயி எவன் பாப்பான்?' என்பார்.

கலைவாணி சான்றிதழ் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் குடோனின் பின்கதவுக்குப் போனாள். வெளிப்பக்கம் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. உள்ளே பெண்கள் புளி உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உள்ள ஆள் இருக்கறப்பவா பூட்டி வெச்சிருக்கீங்க?"

"அப்பதான மேடம் பூட்டணும்! இல்லன்னா மடியில புளியக் கட்டிக்கினு இந்தப் பக்கமா எறங்கிடுவாளுங்க. இந்த மலைக்காரங்கள நம்பவே கூடாதுங்க." தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிச் சிரித்தார்.

"போன மாசம் சாக்கு பத்திக்கிச்சாமே, அப்பவும் பூட்டித்தான் இருந்துதா?"

சிரிப்பு நின்றது. அந்தச் சங்கதி வெளியே போனால் ஆர்டர் போய்விடும் என்றுதான் ஊரையே வாயடைத்து வைத்திருந்தார். அன்றைக்கு முன்வாசல் பக்கம் நெருப்பு மறித்ததால் உள்ளே மாட்டிக்கொண்ட பெண்கள் புகையில் மூச்சுத் திணறிக் கதவை அடித்துக் கதறியிருந்தார்கள். அவர்களில் நதியாவின் கை முழங்கைவரை வெந்துபோனது. அவர் சாவியைத் தேடிக்கொண்டு வந்தது சாவகாசமாகத்தான்.

"அது சின்ன நெருப்புங்க மேடம். வேணும்னா கேட்டுப் பாருங்க. ஏ மாணிக்கம்மா! இங்க வா. மேடத்துகிட்ட சொல்லு, இங்க எல்லாம் நல்லா இருக்குதுன்னு."

முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு மாணிக்கம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் நதியா, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லாரும் கலைவாணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

கலைவாணி கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டாள்.

"நான் சென்னைக் கம்பெனி ஆள் இல்லைங்க. தொழிற்சாலை ஆய்வாளர். இந்தக் கதவு சரியாகற வரைக்கும் உள்ள ஒருத்தரும் வேலை செய்யக்கூடாது. அதுவரைக்கும் கூலி நீங்கதான் குடுக்கணும். மத்ததைக் கோர்ட்டுல பேசிக்கலாம்."

சக்கரவர்த்திக்கு மேடத்தை முறைக்கத் தைரியம் இல்லை. அதனால் பெண்களைப் பார்த்துப் பாய்ந்தார்.

"எவடி போன் பண்ணது?"

"நான்தாங்க" என்றாள் மாணிக்கம்மாள்.

"எவன் சொல்லிக் குடுத்தான்? ஊரு தாண்டாதவ நீ, பூட்டுனா தப்புன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? ஆபீசர் நம்பர உனக்கு எவன் குடுத்தான்?"

மாணிக்கம்மாள் புளி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க காசு குடுத்து வாங்கின பாடத்துலதாங்க இருந்திச்சி, மொதலாளி!"