இரண்டாயிரம் வோல்ட்

“எவ்வளவு தூரம் போகணுமுன்னு சொன்னாத்தானுங்க எத்தனை வோல்ட்டுன்னு கணக்குப் போட முடியும்,” என்றார் முகமது யூசுப்.

கோட்டைமேட்டில் அவருடைய பட்டறை. எதிரே உடுமலைப்பேட்டை வேங்கடசாமி உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருப்பது ஹாம் ரேடியோவில் பேசுவதற்கான பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர். அதற்குப் புது பவர் சப்ளை வேண்டும்.

“ரொம்பத் தூரமுங்க. தினமும் காலையில ஏழு மணிக்கு ஒருத்தரைக் கூப்பிடறேன். சிக்னல் வீக்குன்னு சொல்லிப்போட்டு ஆஃப் பண்ணிடறாரு.”

“இப்ப எத்தனை வோல்ட்?”

“எண்ணூறு.”

“அதுக்கே கொழும்பு வரைக்கும் பேசலாமேங்க!”

“கொழும்புக்காரர் நல்லாத்தான் பேசறாரு. இவருதான் பேச மாட்டேங்கறாரு.”

“ஒரு போனைப் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி இத்தனை பாடா?”

“போனை எடுக்க மாட்டாருங்க. ரேடியோவுல அவரோட லைசென்ஸுல இருக்கற கால் சைனைச் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லித்தான் ஆகோணும். லைசென்ஸ்காரங்களுக்குள்ள அது ஒரு மரியாதை. மூணு வருஷமா எனக்கு அந்த ஒரு வரிதான் கிடைக்குது.”

யூசுப் வயரிங் படத்தைப் பார்த்தார். “வால்வு இரண்டாயிரம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றி முடிக்க ஒரு மாதம் ஆனது. அவரே உடுமலைக்குக் கொண்டுபோய் மாட்டினார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். கூடம் ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. மேசையை ஒட்டிப் பூசாத செங்கல் சுவர். விட்டத்தில் ஃபேன் கொக்கி அந்தச் சுவருக்குள் பாதி புதைந்திருந்தது.

“ஒரு கை எப்பவும் பாக்கெட்டுலயே இருக்கட்டுமுங்க. ரெண்டு கையால தொட்டா ஷாக் நெஞ்சு வழியாப் போகும். சுவிட்சை நிறுத்தினாலும் கெபாசிட்டருக்குள்ள கரண்ட் நிக்கும். அது வடியறதுக்கு ரெசிஸ்டர் போட்டிருக்கேன். ஒரு நிமிஷம் பொறுங்க, அப்புறம் தொடுங்க.”

“எல்லாத்துக்கும் வடியறதுக்கு ஒண்ணு போட்டுத் தர்றீங்க,” என்றார் வேங்கடசாமி. சிரிக்கவில்லை.

ஏழு மணி. டிரான்ஸ்பார்மர் உறுமியது. வால்வு சிவந்தது. மீட்டர் முள் இரண்டாயிரத்தில் நின்றது. வேங்கடசாமி இடது கையைச் சட்டைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மைக்கில் கால் சைனை மூன்று முறை சொல்லிக் கூப்பிட்டார்.

இரைச்சல். பிறகு ஸ்பீக்கரில் ஒரு கிழக்குரல், கண்ணாடி மாதிரித் தெளிவாக.

“சிக்னல் ரொம்ப வீக்குங்க. ஒண்ணும் புரியலை. முடிச்சுக்கறேன்.”

யூசுப் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஸ்பீக்கர் அடங்கிய பிறகும் அதே குரல் இருமிக்கொண்டிருந்தது, செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம்.

“அண்ணனுக்கு இன்னும் எட்டலைங்க,” என்றார் வேங்கடசாமி. “இன்னொரு ஐநூறு ஏத்திப் பாக்கலாமுங்களா?”