சதுரங்கப்பட்டினத்தில் குப்பை இல்லை

2003 தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது, எங்கள் தெரு தேவசகாயத்தின் மகள் சிநேகா இதை எனக்குச் சொன்னாள்.

கல்லூரி பஸ் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் போய் நின்றது. கையுறையும் சாக்குமாக இறங்கிய சிநேகாவுக்குப் பகீரென்றது.

மணலில் ஒரு காகிதம்கூட இல்லை. பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் வேறு போட்டிருந்தது!

"யாருங்க இதைப் பண்ணினது?"

"நாங்கதாம்மா." குப்பத்துப் பெண்களோடு விளக்குமாறும் கையுமாக நின்றாள் சந்திரம்மா. "நீங்க சுத்தம் பண்ண வர்றீங்கன்னாங்க. விருந்தாளி வர்ற எடத்த அப்டியே உட முடியுமா? காலைலயே டிராக்டர்ல ஏத்தி அனுப்பிட்டோம்."

"போச்சு சிநேகா!" கூடப் படிக்கும் ஆல்வின் தலையில் கை வைத்தான். "இப்ப போட்டி நடுவர் வந்துருவாரு. அதிகமா குப்பை அள்ளுற காலேஜுதான் டெல்லிக்குப் போகும்."

டெல்லியில் வாசிக்க வேண்டிய கட்டுரை சிநேகாவின் பையில் இருந்தது. 'கடலோர மக்களுக்குச் சுத்தம் கற்பிப்பது எப்படி?' மாதக்கணக்கில் கண் விழித்து எழுதியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்திரம்மா பதறிப்போனாள். "இதுக்கா அழுவுற? ஏ காசி, உன் வூட்ல எதுனா குப்ப கீதா?"

காசியம்மாள் ஒரு முறம் மீன் செதிலோடு ஓடிவந்தாள்.

"பிளாஸ்டிக்தான் கணக்கு, ஆன்ட்டி," என்றான் ஆல்வின்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" காசியம்மாள் இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் குடத்தை நீட்டினாள். "நல்லாதான் கீது. ஒடைச்சித் தரட்டா?"

அதற்குள் சந்திரம்மா வீட்டிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இழுத்து வந்து கோலத்தின் மேலேயே கொட்டினாள். தண்ணீர் பாக்கெட், டீ கப், பிரியாணிப் பொட்டலம்.

"ஜெயிச்சோம்!" ஆல்வின் குனிந்து அள்ள ஆரம்பித்தான்.

சிநேகா முகம் சுளித்தாள். "இவ்ளோ குப்பையையா வீட்டுல வெச்சிருந்தீங்க?"

"உங்களுதுதாம்மா," என்றாள் சந்திரம்மா. "போன வருசம் சுத்தம் பண்ண வந்தப்போ உட்டுட்டுப் போனது. காலேஜு பேர் போட்ட துணிகூட உள்ள கீது பாரு. தேடிக்கினு வருவீங்கன்னு பத்திரமா கட்டி வெச்சேன்."

நடுவர் வந்தபோது அள்ள ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கட்டி, அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சிநேகா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாளாம்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், கொண்டுபோன கவரைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். சந்திரம்மாவின் வீடு ரொம்பச் சின்னது.