ஒரு முழம் குறைகிறது

ஃபெஸ் நகரத்துப் பழைய கோட்டைக்குள் துஹாமி மேஸ்திரியின் எஸ்டிமேட்டைக் கேட்டுத் தலை சுற்றாதவர்கள் குறைவு. பத்தடி அறைக்குப் பன்னிரண்டடிக்கு டைல்ஸ் எழுதுவான். கேட்டால், "வெட்டும்போது சேதாரம் ஆகாதா?" என்பான். அந்தச் சேதாரம் அடுத்த தெருவில் இன்னொருவர் குளியலறையில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவன் லல்லா பத்தூல் வீட்டில் கூலியே வேண்டாம் என்று சொன்னான்.

'லல்லா' என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் பத்தூல், தனியாக வாழும் விதவை. கீழ்க்கட்டு முழுவதும் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். புதினா டீயில் சர்க்கரையை அள்ளித்தான் போட்டாள். மற்ற விஷயங்களில் அந்த அம்மாளின் கை எவ்வளவு இறுக்கம் என்பது தெருவுக்கே தெரியும்.

"கணக்கு சுத்தமா இருக்கணும் மேஸ்திரி. எல்லா அறையையும் அளந்துக்கோங்க. அப்படியே மொட்டைமாடியையும் அளந்துடுங்க."

"மாடிக்கும் டைல்ஸா லல்லா?"

"இப்போ இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான். அளக்கறதுக்குக் காசா பணமா?" என்றவள் பெருமூச்சு விட்டாள். "எனக்கு முன்னாடி இங்கே இருந்தவர் பெரிய தங்க வியாபாரி. பாவம், அவசர அவசரமா ஊரை விட்டுப் போனார். எதை எடுத்தார், எதை விட்டார்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது."

துஹாமி உள்ளறையை அளந்தான். அதற்கு நேர் மேலே மொட்டைமாடியையும் அளந்தான். சுவர் கனத்தைக் கழித்துப் பார்த்தும் மேலே இருந்த நீளம் கீழே இல்லை. ஒரு முழம் குறைந்தது.

மறுபடி அளந்தான். அதே ஒரு முழம். கோடிச் சுவரை விரலால் தட்டினான். 'டொப்' என்றது.

பழைய வீட்டுச் சுவருக்குள் ஒளித்து வைத்த தங்கத்தின் கதையைக் கேட்காமல் ஃபெஸ்ஸில் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. துஹாமி பிள்ளையாக இருந்ததை விட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தாலும் கதையை மட்டும் விடவில்லை.

"எவ்வளவு ஆகும் மேஸ்திரி?"

"டைல்ஸ் விலை மட்டும் குடுங்க லல்லா. சேதாரம் எழுதலை."

"கூலி?"

"உங்ககிட்ட போய் கூலி வாங்கினா எனக்கு நல்லாவா இருக்கும்? எங்கம்மா மாதிரி இருக்கீங்க."

"மண்ணு, சுண்ணாம்பு?"

"என் பொறுப்பு."

"பெயர்த்த குப்பையை வெளியே கொண்டுபோக கோவேறு கழுதை வேணுமே? இந்தச் சந்துல வண்டி வராதே?"

கழுதைக்காரன் கேட்கிற வாடகையை நினைத்தாலே வயிறு எரியும். துஹாமி சுவர் இருந்த திசையை ஒரு தரம் பார்த்தான்.

"அதுவும் என் பொறுப்பு லல்லா."

"அல்லாஹ் உங்களுக்குப் பெரிய புதையலா குடுக்கட்டும்!" என்று வாழ்த்தி இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

சுவரை உடனே தொட்டால் சந்தேகம் வரும். அதனால் முதலில் தரையைப் பெயர்த்தான். குப்பையை மூட்டை கட்டிக் கழுதைகளில் ஏற்றி அனுப்பினான். முதுகு ஒடிந்தது. பாவம் இந்தக் கிழவி, தங்கத்துக்குப் பக்கத்தில் தூங்குகிறாள் என்று நினைத்தபோதெல்லாம் வலி தெரியவில்லை.

வியாழக்கிழமை லல்லா பத்தூல் வாளி, சோப்பு, துண்டுகளோடு ஹம்மாமுக்குக் குளிக்கக் கிளம்பினாள். பெண்கள் அங்கே போனால் ஊர் வம்பு முழுவதையும் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார்கள்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் துஹாமி கடப்பாரையை எடுத்தான். சுவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. செங்கல் பொலபொலவென்று உதிர்ந்தது. நமக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டு டார்ச்சை உள்ளே நீட்டினான்.

ஒன்றுமில்லை. மூலை மூலையாகத் தடவினான். ஜாடி இல்லை, பெட்டி இல்லை, ஒரு சிலந்தி வலைகூட இல்லை. சட்டென்று அழுகை முட்டியது.

"மேஸ்திரி! துண்டை எடுத்தேன், சீப்பை மறந்துட்டேன்…"

வாசற்படியில் லல்லா பத்தூல் நின்றிருந்தாள். சுவரைப் பார்த்தாள். கடப்பாரையைப் பார்த்தாள்.

"இது எஸ்டிமேட்ல இல்லையே?"

"ஈரம் லல்லா… சுவர்ல ஓதம் ஏறியிருந்தது…"

"ஓதத்தைத் தேட டார்ச் எதுக்கு? புதையல் தோண்டறவனைப் போலீஸ் என்ன பண்ணும்னு தெரியுமா? நம்ம வட்டத்து அதிகாரி எதிர் வீட்லதான் டீ குடிச்சிட்டிருக்கார். கூப்பிடட்டுமா?"

"வேணாம் தாயே! எனக்குக் குழந்தை குட்டி இருக்கு. சொன்ன வேலையை ஒரு குறை இல்லாம முடிச்சுத் தர்றேன்."

"இந்தச் செங்கல் குப்பை?"

"கழுதை வச்சு நானே அனுப்பிடறேன்."

"மாடிக்கும் அளவு எடுத்தீங்களே…"

"அதையும் போட்டுடறேன்!"

துஹாமி தன் வாழ்நாளில் இவ்வளவு நேர்மையாக ஒரு வேலை செய்ததில்லை. ஒரு சில்லுகூட வீணாகவில்லை. கீழே கட்டமும் நட்சத்திரமுமாகத் தரை பளபளத்தது. மாடியில் பூனை நடக்கவே யோசித்தது. கடைசி நாள் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு, போலீஸ் வராமல் தப்பித்தோமே என்ற நிம்மதியோடு வாசலில் செருப்பை மாட்டினான்.

உள்ளே லல்லா பத்தூல் போனில் தன் அக்காவோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"டைல்ஸ் போடற ஆளை அப்புறம் தேடலாம் அக்கா, முதல்ல ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, போன குளிர்காலத்துல நான் செஞ்ச மாதிரி, உள்ளறையில ஒரு முழம் தள்ளிப் புதுசா ஒரு சுவர் எழுப்பு!"