காகிதச் செண்டுமல்லி

"அம்மா, அப்பாவுக்கு எந்தப் புருவத்துல வெட்டு? இடதா, வலதா?"

"இடது" என்றாள் ஹசிந்தா, அடுப்பிலிருந்து திரும்பாமல். "இப்ப எதுக்குடி அது?"

"மண்டையோட்டுல வரையணும்ல? அடையாளம் இல்லேன்னா வேற யாராவது வந்து உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க."

ஏழு வயது நயேலி தரையெல்லாம் கடை பரப்பியிருந்தாள். முட்டை அட்டையை ஊறவைத்துப் பிசைந்து, மைதாப் பசை சேர்த்து, அம்மாவும் மகளுமாகப் பிடித்த மண்டையோடு காய்ந்து கல்லாகியிருந்தது. அதன் நெற்றியில் சிவப்பு நூலால் 'எலாதியோ' என்று அப்பாவின் பெயரை ஒட்டியிருந்தாள். பிஸ்கட் உறைகளில் கத்தரித்த தோரணம் படையல் மேஜைக்கு மேலே மினுங்கியது. இந்த வருடம் செண்டுமல்லி கை வைக்க முடியாத விலை. அதனால் பழைய செய்தித்தாளுக்கு ஆரஞ்சுச் சாயம் அடித்து, இதழ் இதழாகக் கிழித்து, கூடை நிறையப் பூ செய்திருந்தார்கள்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தாத்தாவுக்கு மட்டும்தான் படையல். அப்பாவுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று ஹசிந்தா தட்டிக்கழித்துவிடுவாள். இந்த முறை குழந்தை ஒரே பிடியாக நின்றுவிட்டது.

"காகிதப் பூவுக்கு வாசனையே இல்லையேம்மா. அப்பா எப்படி மோப்பம் புடிச்சு வருவாரு?"

"மோப்பம் புடிக்க அவரென்ன நாயா?"

நயேலி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஹசிந்தாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர் சொன்னாங்க, இன்னைக்கு மத்தியானம் கோயில் மணி பன்னெண்டு அடிச்சா பெரியவங்க ஆத்மாவெல்லாம் வருமாம். நாளைக்குப் பன்னெண்டு அடிச்சா கிளம்பிடுமாம். ஒரே ஒரு நாள்தாம்மா!"

"வரலேன்னா அழக்கூடாது. சொல்லிட்டேன்."

"வருவாரு. நீ குழம்புல உப்பைத் தூக்கலா போடு. அப்பாவுக்கு அதுதானே புடிக்கும்?"

"தூக்கலா போட்டா ரத்தக்கொதிப்பு வரும்."

"செத்தவங்களுக்கு ஏதும்மா ரத்தக்கொதிப்பு?"

ஹசிந்தா கோழிக் குழம்பில் இன்னும் ஒரு கை உப்பைப் போட்டாள். பெற்றவள் செய்கிற வேலையா நான் செய்தது? இன்றாவது இவளை மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து நினைக்கிறாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

நயேலி தெருவிலிருந்து மேஜைக்கால் வரைக்கும் காகித இதழ்களைத் தூவிப் பாதை போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள்.

"நயேலி, இங்க வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லும்மா! மணி அடிக்கப்போகுது!"

சொல்லி வாய் மூடவில்லை, கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. நயேலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஐயோ, இந்தப் பிள்ளை சாயங்காலம் வரை இப்படியே நிற்குமே, என்ன சொல்லித் தேற்றுவேன் என்று ஹசிந்தா தவித்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. கையில் நிஜமான செண்டுமல்லிக் கட்டோடு, காகித இதழ்களை மிதித்தபடி ஒருவன் நின்றான். இடது புருவத்தில் வெட்டு.

"எங்கம்மா கல்லறைக்குப் பூ வைக்க ஊருக்கு வந்தேன், ஹசிந்தா" என்றான் தயங்கித் தயங்கி. "அப்படியே பாப்பாவை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு..."

மேஜைமேல் மண்டையோட்டில் தன் பெயரைப் பார்த்துவிட்டான்.

ஹசிந்தா அடுப்பை அணைத்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் வேறொருத்தியோடு பஸ் ஏறிப் போனவன். 'அப்பா எங்கேம்மா?' என்று குழந்தை கேட்டபோது, ஆத்திரத்தில் 'செத்துட்டாரு' என்று சொல்லிவைத்தவள் அவள்தான்.

நயேலி கொஞ்சமும் பயப்படவில்லை. அவன் விரலைப் பிடித்து மேஜையருகே கூட்டிவந்து, தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"குடிங்கப்பா, ரொம்ப தூரம் வந்திருப்பீங்க. நாளைக்கு மணி அடிச்சதும் போயிடணும்னு எனக்குத் தெரியும், நான் அழமாட்டேன். அடுத்த வருஷமும் பூ போட்டு வைக்கிறேன்."