எதிரி நாற்காலி

படைத் திட்டக் கூடத்தில் எதிரி நாற்காலியில் உட்காருவதுதான் மேஜர் பூங்கோதையின் வேலை. அக்கரை நாட்டுத் தளபதி தொரானைப் போலவே யோசித்து, அவர் மொழியிலேயே பேசி, இங்கே போடும் ஒவ்வொரு திட்டத்தையும் முறியடித்துக் காட்ட வேண்டும். வருடக்கணக்கில் அதே பழக்கமாகி, வீட்டிலும் அந்த நாட்டுப் புளிப்பு ரொட்டிதான். "தளபதி, இன்னைக்காவது இட்லி சுடலாமா?" என்று கணவன் கெஞ்சுவான்.

அக்கரை நாட்டோடு இருந்த தீவுத் தகராறு முற்றியது. கூடத்தில் போர்த் திட்டம் போட்டுத் தரும் இயந்திரம் மூன்று திட்டங்களை நீட்டியது. மூன்றிலும் தாக்குதல்தான்.

"தொரான் இப்ப என்ன செய்வார்?" என்று ஜெனரல் கேட்டார்.

"பேசுறதுக்கு யாராவது வர மாட்டாங்களான்னு வாசலையே பார்த்துட்டு இருப்பார் சார்."

"அப்ப நீங்களே போயிட்டு வாங்க."

பேச்சுவார்த்தைக்காக நடுக்கடலில் நின்ற கப்பலில், அக்கரை மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அங்கே காத்திருந்த நரைத்த கர்னல் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க மேடம்," என்றார் தமிழில். "எங்க ஊர்ல உங்க ஜெனரல் நாற்காலியில உக்கார்றவன் நான்தான். முதல்ல சாப்பிடுவோம், இட்லி கொண்டாந்திருக்கேன். எங்க வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க."