சிவப்பில் வந்த பெயர்

'பீப்... பீப்...' என்று கணினி அலறியதும் பட்டம் கேட்டு வந்திருந்த மாணவி வென்லி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பார்த்தியா? சிவப்பு!" என்றார் மென்பொருள் பொறியியல் துறைத் தலைவர் ஜுவாங். "எல்லாப் பாடத்துலயும் முதல் மார்க். ஆனா பல்கலைக்கழக விதிப்படி ஐம்பது மீட்டர் நீந்தலையே! அப்புறம் எப்படிம்மா பட்டம்?"

"எனக்குத் தண்ணின்னாலே பயம் சார். திங்கட்கிழமை பட்டத்தோட போகலைன்னா ஷென்ஜென் கம்பெனியில கிடைச்ச வேலை போயிடும். புரோகிராம் எழுத நீச்சல் எதுக்கு சார்?"

"கம்பெனி மூழ்கினா கரையேறத்தான்!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார் ஜுவாங். "நானும் இதே ஷியாமென் பல்கலைக்கழகத்துல, இதே துறையில படிச்சவன்தான். டிசம்பர் குளிர்ல பல்லு கிடுகிடுங்க நீந்தி பாஸ் பண்ணினேன். நீந்தாதவங்க பட்டம் செல்லாது, அது யாரா இருந்தாலும் சரி. அதுக்குத்தானே பழைய மாணவங்களையும் சேர்த்துச் சரிபார்க்கிற இந்தப் புது சாப்ட்வேரையே வாங்க வெச்சேன்!"

"ஹோங் அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்..." கணினி முன் இருந்த கிளார்க்கிடம் கெஞ்சினாள் வென்லி.

ஹோங்கின் முகம் வெளிறியிருந்தது. திரையையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிறே? நிராகரிப்புன்னு அடி!"

"சார்... வென்லி பேரை நான் இன்னும் தட்டவே இல்ல. காலையிலேருந்து பழைய மாணவங்க பட்டியல்தான் ஓடிக்கிட்டிருக்கு. 2005ஆம் வருஷம், ஜுவாங் போவென்... நீச்சல் தேர்வுக்கே வரலைன்னு சிவப்புல நிக்கிறது நீங்கதான் சார்."